நெக்ஸ்ட் ஹாப்: எந்த ரவுட்டர் யார் முகவரியைச் சொல்ல வேண்டும்?

பி.ஜி.பி. செஷன் ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்று காட்டுகிறது. வந்து சேர்ந்த ரூட்களின் எண்ணிக்கையும் சரி. ஒரகடம் ஆலையில் இணையம் ஓடுகிறது, ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலும் ஓடுகிறது. இரண்டுக்கும் கிழக்கே, தாம்பரம் பக்கமாக இருக்கும் மணிமங்கலம் கிடங்கில் மட்டும் ஒரு வலைப்பக்கம்கூடத் திறக்கவில்லை. இப்படி ஒரு புகார் வந்தால், கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கும் ரவுட்டரை ரீபூட் செய்வதற்கும் முன்பு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மணிமங்கலம் ரவுட்டருக்கு வந்த ரூட்டில் நெக்ஸ்ட் ஹாப் என்று எந்த முகவரி எழுதியிருக்கிறது, அந்த முகவரிக்குப் போக அந்த ரவுட்டருக்கு வழி தெரியுமா?

பி.ஜி.பி. எந்த ரவுட்டருக்கும் முழு வழியையும் சொல்லித் தருவதில்லை. ‘இந்த நெட்வொர்க்குக்குப் போக வேண்டுமானால் இந்த முகவரியிடம் கொடு’ என்று மட்டும் சொல்கிறது. மணிமங்கலத்துக்குப் புதிதாக வந்தவரிடம் ‘படப்பை கூட்டுரோட்டில் கேளுங்கள், சொல்வார்கள்’ என்று அனுப்பிவைப்பதைப் போல. அவருக்குப் படப்பைக்குப் போகத் தெரியாவிட்டால் அந்தத் தகவலால் பயனில்லை. படப்பைக்குப் போகும் வழியைச் சொல்வது பி.ஜி.பி.யின் வேலையல்ல, அது உள்ளே ஓடும் ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறையின் வேலை, அல்லது கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டின் வேலை. இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் பெரும்பாலான நெக்ஸ்ட் ஹாப் கோளாறுகள் பிறக்கின்றன.

விதி சுருக்கமானது. ஒரு ஏ.எஸ். எண்ணிலிருந்து இன்னொரு ஏ.எஸ். எண்ணுக்கு ரூட்டை அனுப்பும்போது, அதாவது இ-பி.ஜி.பி.யில், அனுப்பும் ரவுட்டர் தன் முகவரியை நெக்ஸ்ட் ஹாப்பாக எழுதும். ஒரே ஏ.எஸ். எண்ணுக்குள், அதாவது ஐ-பி.ஜி.பி.யில், வெளியிலிருந்து கற்ற ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப்பைத் தொடாமல் அப்படியே கடத்தும். 2006 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 4271 இதை 5.1.3-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஐ.இ.டி.எஃப். கூட்டத்தின்போது கிர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் கைக்குட்டைத் தாள்களில் வரைந்து தொடங்கிய நெறிமுறை இது. அதே ஆண்டு ஜூனில் ஆர்.எஃப்.சி. 1105 ஆக வந்தது. வடிவம் எத்தனையோ முறை மாறிவிட்டது. ‘வெளியே கொடுக்கும்போது மாற்று, உள்ளே கடத்தும்போது தொடாதே’ என்ற இந்த வழக்கம்தான் இன்று எல்லா நிறுவனங்களின் ரவுட்டர்களிலும் இயல்பு நிலை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே மாதிரி நெட்வொர்க்கை வைத்துக்கொள்வோம். ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்துக்கு ஒரகடத்தில் ஒரு ஆலை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆலை, மணிமங்கலத்தில் கிடங்கும் அலுவலகமும். ஏ.எஸ். எண் 64500; சொந்த முகவரித் தொகுதி 203.0.113.0/24. ஒரகடத்தில் முதல் சேவையாளர் (ஏ.எஸ். 64496): அவர் பக்கம் 198.51.100.1, நம் பக்கம் 198.51.100.2. ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாம் சேவையாளர் (ஏ.எஸ். 64497): அவர் பக்கம் 198.51.100.5, நம் பக்கம் 198.51.100.6. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் ரவுட்டர்களின் லூப்பேக் முகவரிகள் முறையே 10.255.0.1, 10.255.0.2, 10.255.0.3. உள்ளே ஓ.எஸ்.பி.எஃப்.; மூன்றுக்கும் இடையே லூப்பேக் வழியாக ஐ-பி.ஜி.பி. இந்தப் பொது முகவரிகளும் ஏ.எஸ். எண்களும் ஆவணங்களில் எடுத்துக்காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றை உண்மையான ரவுட்டரில் ஏற்றக் கூடாது. இந்தியாவில் சொந்த ஏ.எஸ். எண்ணும் முகவரியும் வேண்டுவோர் நிக்சியின் கீழ் 2012 முதல் இயங்கும் ஐ.ஆர்.ஐ.என்.என். மூலம் வாங்கலாம். /24-ஐவிடச் சிறிய ஐ.பி.வி.4 தொகுதியை உலகின் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை என்பதை விண்ணப்பிக்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது கோளாறைக் கிட்டத்தில் பார்ப்போம். 192.0.2.0/24 என்ற வெளி நெட்வொர்க்குக்கான ரூட்டை ஒரகடம் ரவுட்டர் முதல் சேவையாளரிடம் கற்கிறது. நெக்ஸ்ட் ஹாப் 198.51.100.1. ஒரகடத்துக்கு இது நேரடியாக ஒட்டிய கம்பி, சிக்கல் இல்லை. அதே ரூட்டை ஐ-பி.ஜி.பி. வழியாக மணிமங்கலத்துக்குக் கடத்தும்போதும் நெக்ஸ்ட் ஹாப் 198.51.100.1 ஆகவே போகிறது. மணிமங்கலத்தின் ஓ.எஸ்.பி.எஃப். டேபிளில் 198.51.100.0/30 இல்லை. எனவே ரூட் வந்தது, பி.ஜி.பி. டேபிளில் உட்கார்ந்தது, ஆனால் ஃபார்வர்டிங் டேபிளுக்கு இறங்கவில்லை. சிஸ்கோவிலும் எஃப்.ஆர்.ஆர். மென்பொருளிலும் ‘ஷோ ஐ.பி. பி.ஜி.பி. 192.0.2.0’ என்று கேட்டால், 198.51.100.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘இன்ஆக்ஸசிபிள்’ என்ற சொல் நிற்கும்; பட்டியலில் சிறந்த ரூட்டைக் குறிக்கும் அம்புக்குறி இருக்காது. ஜூனிபரில் அந்த ரூட் சாதாரணப் பட்டியலில் கண்ணிலேயே படாது. ‘ஷோ ரூட் ஹிட்டன்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘அன்யூசபிள்’ என்று பதில் வரும். இந்த ஒரு வரியைப் பார்க்கப் பழகியவர் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்திவிடுவார்.

தீர்வு இரண்டு. இரண்டுமே சரியானவை, இரண்டுக்கும் விலை உண்டு.

முதலாவது, சேவையாளரோடு இணைக்கும் அந்த /30 துண்டை ஒரகடம் ரவுட்டரில் ஓ.எஸ்.பி.எஃப்.புக்குள் பேசிவ் இன்டர்ஃபேஸாகச் சேர்த்துவிடுவது. பேசிவ் என்பதை மறந்தால் சேவையாளரின் கருவியோடு ஓ.எஸ்.பி.எஃப். உறவு கொண்டாட நம் ரவுட்டர் முயலும், அது ஆபத்து. இரண்டாவது, ஒரகடம் ரவுட்டரில் மணிமங்கலத்தைக் குறிக்கும் வரிக்குக் கீழே ‘நெய்பர் 10.255.0.3 நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப்’ என்று எழுதுவது. அதற்குப் பிறகு மணிமங்கலத்துக்குப் போகும் ரூட்டில் நெக்ஸ்ட் ஹாப் 10.255.0.1 ஆகிவிடும். அந்த லூப்பேக்கை ஓ.எஸ்.பி.எஃப். ஏற்கெனவே அறியும், ரூட் உடனே உயிர் பெறும். மைக்ரோடிக் ரவுட்டரில் இதே வேலையை ‘நெக்ஸ்ட்ஹாப்-சாய்ஸ்’ என்ற அமைப்பை ‘ஃபோர்ஸ்-செல்ஃப்’ என்று வைத்துச் செய்ய வேண்டும். லினக்ஸில் ஓடும் பேர்ட் மென்பொருளில் ‘நெக்ஸ்ட் ஹாப் செல்ஃப்’ என்ற வரி. ஜூனிபரில் தனிக் கட்டளை கிடையாது. எக்ஸ்போர்ட் பாலிசிக்குள் ‘தென் நெக்ஸ்ட்-ஹாப் செல்ஃப்’ என்று எழுத வேண்டும்.

ஒரு நுணுக்கம் இங்கே தவறவிடப்படுகிறது. நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் எழுதுவது ‘ரவுட்டரின் முகவரி’யை அல்ல, அந்தச் செஷன் நம் பக்கம் எந்த முகவரியில் கட்டப்பட்டிருக்கிறதோ அதை. ‘அப்டேட்-சோர்ஸ் லூப்பேக்0’ என்ற வரி இல்லாமல், ஒரு போர்ட்டின் முகவரியில் ஐ-பி.ஜி.பி. கட்டியிருந்தால், அந்தப் போர்ட் விழும்போது செஷனும் விழும், அதன் வழியே வந்த எல்லா ரூட்களும் போய்விடும். மாற்றுப் பாதை உயிரோடு இருந்தும் பயனில்லை. லூப்பேக்கும் நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃபும் சேர்ந்தே வர வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை முதல் வழி தேர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சேவையாளர் கம்பி அறுந்தால் /30 ஓ.எஸ்.பி.எஃப்.பிலிருந்து உடனே மறையும். அந்த நெக்ஸ்ட் ஹாப்பை நம்பிய எல்லா ரூட்களும் ஒரே அடியில் செல்லாமல் போகும். இரண்டாவது வழியில் லூப்பேக் உயிரோடுதான் இருக்கும். ஒரகடம் ரவுட்டர் ஒவ்வொரு ரூட்டாகத் திரும்பப் பெற்றாக வேண்டும். முழு இணைய டேபிள் இன்று 10 லட்சம் ஐ.பி.வி.4 ரூட்களை ஒட்டி நிற்கிறது. அத்தனையையும் திரும்பப் பெறுவது கண நேர வேலையல்ல.

ஆனால் இந்தத் தொழிற்பாதையில் களநிலை வேறு. சேவையாளரின் ஃபைபர் பெரும்பாலும் ரவுட்டரில் நேராக இறங்குவதில்லை. ரேக்கில் ஒரு மீடியா கன்வெர்ட்டரோ சின்ன ஸ்விட்சோ உட்கார்ந்திருக்கும்; அங்கிருந்து ஒரு ஈத்தர்நெட் கயிறுதான் ரவுட்டருக்கு வரும். சாலை விரிவாக்கத்தில் ஜே.சி.பி. ஃபைபரை அறுத்தாலும் அந்தக் கயிற்றின் பச்சை விளக்கு அணையாமல் இருக்கலாம். போர்ட் விழாதபோது /30-உம் மறையாது. இரண்டு வழிகளுமே ஹோல்டு டைமர் தீரும்வரை காத்திருக்கும்: சிஸ்கோவின் இயல்பு அளவு 180 விநாடி, ஜூனிபரில் 90. மூன்று நிமிடம் என்பது சரக்கு முன்னறிவிப்புச் சீட்டு (ஏ.எஸ்.என்.) அச்சிட்டு லாரி கிளம்ப வேண்டிய கிடங்கில் நீண்ட நேரம். இதற்கு மருந்து நெக்ஸ்ட் ஹாப்பில் இல்லை, பி.எஃப்.டி.யில் இருக்கிறது. 300 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு, மூன்று துடிப்பு தவறினால் செஷன் முறிவு என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். சேவையாளரும் தம் பக்கம் அதை இயக்கித் தந்தால்தான் நடக்கும். இணைப்பு வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

ஆகவே இந்த நூலின் பரிந்துரை: இரண்டு, மூன்று வெளி இணைப்புகள் வைத்திருக்கும் ஆலை நெட்வொர்க்குக்கு லூப்பேக்கோடு கூடிய நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப், சேவையாளர் பக்கம் பி.எஃப்.டி. சேவையாளரின் முகவரித் துண்டு நம் உள் ரூட்டிங்குக்குள் வரவே வேண்டாம். அவர் நாளைக்கு அதை மாற்றினால் எல்லை ரவுட்டரில் மட்டும் திருத்தினால் போதும்.

இதில் இன்னொரு பலனும் கிடைக்கிறது. லோக்கல் பிரிஃபரன்ஸ், ஏ.எஸ். பாதை நீளம் போன்ற முந்தைய படிகளில் இரு ரூட்களும் சமமாக வந்தால், நெக்ஸ்ட் ஹாப்புக்குப் போகும் உள் செலவு எதற்குக் குறைவோ அதை ரவுட்டர் தேர்ந்தெடுக்கும். மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் லூப்பேக்குக்கு ஓ.எஸ்.பி.எஃப். செலவு 10, ஸ்ரீபெரும்புதூருக்கு 20 என்று வைத்தால் போக்குவரத்து ஒரகடம் வழியே வெளியேறும். பராமரிப்பு நாளில் அந்த 10-ஐ 100 ஆக்கினால் போதும், பி.ஜி.பி.யைத் தொடாமலே வெளியேறும் வாசல் மாறிவிடும்.

அடுத்து டீஃபால்ட் ரூட் வைக்கும் பொறி. கிடங்கில் அவசரத்துக்கு ஒரு பிராட்பேண்ட் இணைப்பு இருக்கும். அதை நோக்கி ஒரு டீஃபால்ட் ரூட்டும் இருக்கும். சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். 198.51.100.1-க்குத் தனி வழி இல்லாவிட்டாலும் டீஃபால்ட் ரூட் வழியே போகலாம் என்று எடுத்துக்கொண்டு, ‘நெக்ஸ்ட் ஹாப் சரி’ என்று முத்திரை குத்திவிடும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பாக்கெட்டுகளோ பிராட்பேண்டில் வெளியேறிக்கொண்டிருக்கும். எஃப்.ஆர்.ஆரில் இதை ஏற்பதா வேண்டாமா என்பதை ‘ஐ.பி. என்.எச்.டி. ரிசால்வ்-வயா-டீஃபால்ட்’ என்ற அமைப்பு முடிவு செய்கிறது. அதை அணைத்துவைப்பதே சரி. சிஸ்கோவில் ‘பி.ஜி.பி. நெக்ஸ்ட்ஹாப் ரூட்-மேப்’ மூலம் /32 லூப்பேக்குகளை மட்டும் அனுமதித்து இதே பாதுகாப்பைப் பெறலாம்.

மாற்றக் கூடாத இடங்களும் உண்டு. அவற்றில் முதலாவது ரூட் ரிஃப்ளெக்டர். ஐ-பி.ஜி.பி.யில் எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும் என்பதால் 10 ரவுட்டர் இருந்தால் 45 செஷன் ஆகும். அதைக் குறைக்க மணிமங்கலம் ரவுட்டரை ரிஃப்ளெக்டராக்கி, மற்றவை அதோடு மட்டும் பேசும்படி வைக்கலாம். ரிஃப்ளெக்டர் நெக்ஸ்ட் ஹாப்பை மாற்றக் கூடாது என்றுதான் ஆர்.எஃப்.சி. 4456 சொல்கிறது. மாற்றினால் என்ன ஆகும்? ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியே வெளியேற வேண்டிய ஒவ்வொரு பாக்கெட்டும் மணிமங்கலத்துக்கு வந்து திரும்பும். செய்தியைக் கடத்த மட்டும் வைத்த சின்னக் கருவியின் மேல் மொத்தச் சரக்கும் ஏறும். சிஸ்கோவில் சாதாரண நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் பிரதிபலித்த ரூட்களைத் தொடாது. பின்னால் ‘ஆல்’ சேர்த்தால் தொடும். எஃப்.ஆர்.ஆரில் அந்தச் சொல் ‘ஃபோர்ஸ்’. ஜூனிபரில்தான் கவனம் அதிகம் தேவை: பாலிசியில் ‘ரூட்-டைப் எக்ஸ்டர்னல்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் பிரதிபலித்த ரூட்களின் நெக்ஸ்ட் ஹாப்பும் சேர்ந்து மாறும்.

இரண்டாவது இடம் இணையப் பரிமாற்ற நிலையம். 2003-ல் தொடங்கிய நிக்சிக்குச் சென்னையில் நிலையம் உண்டு, டி.இ-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். ஆகியவையும் சென்னையில் இயங்குகின்றன. இந்தப் பகுதியின் உள்ளூர்ச் சேவையாளர் ஒருவர் வளர்ந்து அங்கே ஒரு போர்ட் எடுத்தால், ஒரே பொது லேனில் பல நெட்வொர்க்குகளோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொருவரோடும் தனித்தனியே செஷன் கட்டாமல் ரூட் சர்வரோடு கட்டிக்கொள்ளலாம். ரூட் சர்வர் நெக்ஸ்ட் ஹாப்பை மாற்றாது, தன் ஏ.எஸ். எண்ணையும் பாதையில் சேர்க்காது; 2016-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7947 இதை வரையறுக்கிறது. ரூட் சொல்வது ரூட் சர்வர், பாக்கெட் போவது அந்த லேனில் உள்ள உரிய உறுப்பினரிடம் நேராக. பாதையின் முதல் எண் ரூட் சர்வருடையதாக இல்லையே என்று சிஸ்கோ ரவுட்டர் ரூட்டை நிராகரிக்கும், ‘நோ பி.ஜி.பி. என்ஃபோர்ஸ்-ஃபர்ஸ்ட்-ஏ.எஸ்.’ என்று எழுதினால் ஏற்கும்.

இங்கே ஒரு உண்மையான பலவீனம் இருக்கிறது. ரூட் சர்வரோடு அந்த உறுப்பினரின் செஷனும் நன்றாக இருக்கிறது, நம்முடையதும் நன்றாக இருக்கிறது. ஆனால் நமக்கும் அவருக்கும் நடுவே ஸ்விட்சில் பாதை கெட்டுவிட்டால் பி.ஜி.பி. அறியாது. பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலையும். அதிகம் போக்குவரத்து உள்ள நெட்வொர்க்குகளோடு நேரடிச் செஷனும் வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது. பரிமாற்ற நிலையத்தின் லேன் முகவரித் தொகுதியை உள்ளே ஓ.எஸ்.பி.எஃப்.பில் சேர்க்கவோ வெளியே அறிவிக்கவோ கூடாது. அங்கே நிற்கும் எல்லை ரவுட்டர் உள்நோக்கி நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் செய்தால் அந்தத் தேவையே எழாது.

மூன்றாவது இடம் ஆலைக்குள்ளேயே இருக்கலாம். லீஃப்-ஸ்பைன் முறையில் கட்டிய டேட்டா சென்டரில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு தனியார் ஏ.எஸ். எண் கொடுத்து எல்லாவற்றையும் இ-பி.ஜி.பி.யாக ஓட்டுவது இன்று பரவலான வழக்கம், ஆர்.எஃப்.சி. 7938 விவரிக்கும் முறை. சாதாரண ஐ.பி. ரூட்டுக்கு நெக்ஸ்ட் ஹாப் தாவலுக்குத் தாவல் தானாக மாறும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் இ.வி.பி.என்.-விஎக்ஸ்லேன் ஓட்டும்போது கதை தலைகீழ். அங்கே நெக்ஸ்ட் ஹாப் என்பது சுரங்கம் முடியும் லீஃபின் முகவரி. ஸ்பைன் அதைத் தன் முகவரியாக மாற்றினால், சுரங்கம் ஸ்பைனில் போய் முடியப் பார்க்கும். ஸ்பைனோ விஎக்ஸ்லேன் அறியாதது. எனவே இ.வி.பி.என். ரூட்டுகளுக்கு ஸ்பைனில் நெக்ஸ்ட் ஹாப்பை மாற்றாமல் விடும்படி சொல்ல வேண்டும். எஃப்.ஆர்.ஆர். இதைத் தானே செய்கிறது. சிஸ்கோ நெக்ஸஸில் ரூட்-மேப்பில் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐ.பி.வி.6-க்கு ஒரு பத்தி போதும். எல்லை இணைப்பில் குளோபல் முகவரியோடு லிங்க்-லோக்கல் முகவரியும் நெக்ஸ்ட் ஹாப்பாகச் சேர்ந்து வரும். லிங்க்-லோக்கல் அந்தக் கம்பிக்கு வெளியே செல்லாது. ஆகவே உள்ளே கடத்தும்போது நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் இங்கே இன்னும் அவசியம். சிஸ்கோவிலும் எஃப்.ஆர்.ஆரிலும் அதை ஐ.பி.வி.6 அட்ரஸ்-ஃபேமிலிக்குள் தனியாக எழுத வேண்டும், ஐ.பி.வி.4-க்கு எழுதியது இதற்குப் பொருந்தாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இரண்டு இணைப்புகளும் ஒன்றாக விழலாம். அடையாற்றுக்கு நீர் தரும் ஏரிகளில் மணிமங்கலம் ஏரியும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதற்குக் கீழுள்ள வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. ஒரகடத்துக்கு ஒரு சேவையாளர், ஸ்ரீபெரும்புதூருக்கு வேறு சேவையாளர் என்று வாங்கிவிட்டு, இருவரின் ஃபைபரும் ஒரே சாலையோரக் குழாயில் சென்னைக்குப் போகிறதென்றால் நெக்ஸ்ட் ஹாப் இரண்டு, பாதை ஒன்றுதான். பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை; தயங்காமல் கேட்க வேண்டும்.

அமைத்து முடித்தபின் சோதிக்க ஆலை ஓடாத நாளே நல்லது. ஆயுத பூஜையும் பொங்கலும் அதற்குத் தோதான விடுமுறைகள். மணிமங்கலத்திலிருந்து வெளி முகவரி ஒன்றுக்கு பிங் ஓடவிடுங்கள். ஒரகடத்தில் ரவுட்டர் பக்கத்துக் கயிற்றைத் தொடாமல், மீடியா கன்வெர்ட்டருக்குள் நுழையும் ஃபைபரைக் கழற்றுங்கள். எத்தனை பிங் தவறின, ட்ரேஸ்ரூட் எப்போது ஸ்ரீபெரும்புதூர் வழிக்கு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.டி. இல்லையென்றால் அந்த இடைவெளி மூன்று நிமிடம்வரை நீளும். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி ரேக்கின் கதவில் ஒட்டிவையுங்கள். சேவையாளரோடு அடுத்த ஒப்பந்தம் பேசும் நாளில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.